ஓட்டுப் போடாதது யார் குற்றம்? – கேள்வி பதில்

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன், ஆறு தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். தேர்தல் முறைகள் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

சேலம்: ஆஸ்திரேலியா மாதிரி ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதம் போட்டால் என்ன?

அங்கே 1922 தேர்தலில் 60 சதவீதம்கூட வாக்குப் பதிவாகவில்லை. 1924இல் கட்டாயச் சட்டம் வந்தது, 1925இல் 91ஐத் தாண்டியது. ஆனால் அபராதம் 20 டாலர்தான். தேர்தல் சனிக்கிழமை நடக்கும், மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் போடலாம், முன்கூட்டியே போடலாம், தபாலில் அனுப்பலாம். வாக்காளர் பக்கம் அரசு இவ்வளவு தூரம் நடந்து வந்த பிறகுதான் அபராதம் கேட்கிறது.

இங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தேர்தலன்று காலை ஏழரை மணி இருக்கும், ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்தவர், தோளில் பையோடு நேராகச் சாவடிக்கே வந்துவிட்டார். கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. வேலைக்காக வெளியூர் போனதால் நீக்கியிருக்கிறார்கள். 'போன தடவை இங்கேதான சார் போட்டேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கா அபராதம் போடுவீர்கள்? குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்து, 2015இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

மதுரை: நம் வாக்குப்பதிவும் அமெரிக்காவுடையதும் 66 சதவீதம். அப்படியானால் இரண்டும் சமம்தானே?

எதில் 66 என்று முதலில் கேளுங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் சொல்வது பட்டியலில் இருப்பவர்களில் 66. அமெரிக்காவில் 2020க்குச் சொல்லும் 66, வாக்களிக்கத் தகுதியுள்ள எல்லோரிலும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பெயரைப் பதிவு செய்வது குடிமகன் பொறுப்பு, இங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருகிறார். இறந்தவர் பெயர் பட்டியலில் கிடந்தால் சதவீதம் இறங்கும், உயிரோடு இருப்பவர் பெயர் விடுபட்டால் ஏறும். பட்டியலைப் பார்க்காமல் சதவீதத்தைப் பேசாதீர்கள்.

துபாய்: எங்களுக்கு ஓட்டு உண்டா?

2010 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உண்டு. படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்க வேண்டும். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். பிரான்ஸ் தன் வெளிநாட்டு வாக்காளர்களுக்கென்றே 11 தொகுதி வைத்திருக்கிறது.

சென்னை: 2014இல் திமுக 23 சதவீத வாக்கு வாங்கியும் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லையே?

தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையின் விளைவு அது. அதிமுக 44 சதவீதத்துக்கு 39இல் 37 தொகுதிகளைப் பிடித்தது. மலேசியாவில் 2013இல் எதிரணிக் கூட்டணி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியும் 222இல் 89 இடத்தோடு தோற்றது. நியூசிலாந்து மக்கள் 1993இல் வாக்கெடுப்பு நடத்தி இந்த முறையையே மாற்றிக்கொண்டார்கள்.

ஈரோடு, கடலூர், தென்காசி: கட்டாய வாக்குரிமை...

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம்: எங்களிடம் விகிதாசார முறை இருக்கிறது. பிறகும் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு?

நல்ல கேள்வி. விகிதாசாரம், அதாவது கட்சி வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தருவது, பெண்களுக்கு உதவும் என்பது பொதுவாகச் சரி. இலங்கையில் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் எந்த வேட்பாளர் வேண்டும் என்று வாக்காளர் குறிப்பது, குறுக்கே வருகிறது. மாவட்டம் முழுக்கச் சுற்ற வேண்டும், சொந்தக் கட்சிக்காரரோடே மோத வேண்டும், அதற்குப் பணமும் ஆள்பலமும் வேண்டும். 225 பேர் அவையில் பெண்கள் 20ஐத் தாண்டியது 2024இல்தான். உள்ளூராட்சியில் 25 சதவீதம் என்று சட்டம் போட்டதும் 2018இல் ஒரே தேர்தலில் நிலைமை மாறியது. ருவாண்டா 2003இல் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கியது, 2008இல் பெண்கள் பாதியைத் தாண்டினார்கள். ஆனால் அங்கே ஒரே கட்சியின் பிடி, அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஜனநாயகத்தை அளக்க முடியாது.

இதற்கு மறுப்பாக விழுப்புரத்திலிருந்து: இடஒதுக்கீட்டில் வந்த ஊராட்சித் தலைவியின் கையெழுத்தைக் கணவர் போடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த அதிகாரியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

மீண்டும் விழுப்புரம்: அதிகாரியை விடுங்கள், ஒதுக்கீடு தோற்றதா இல்லையா?

இல்லை. மேற்கு வங்காளத்தில் எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பதைக் குலுக்கல்போல ஒதுக்கியதால் ஒப்பிட முடிந்தது, பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் குடிநீருக்கு அதிகம் செலவானது. இன்னொன்று, ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுகிறது. ஒருவர் வேலை பழகி நிமிர்வதற்குள் அந்த இடம் பொதுவாகிவிடுகிறது, அடுத்த தடவை கட்சி அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனை ஆண் தலைவர்கள் எழுத்தரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள், அதை யாராவது எண்ணினார்களா? இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. இருபது சொச்சம் மறுப்புகள் வந்திருக்கின்றன, பாதி ஒரே வாக்கியம்.

நாமக்கல்: அடுத்து எந்தக் கூட்டணி ஜெயிக்கும்?

என் துறை இல்லை.

திருநெல்வேலி: எனக்கு 17 வயது முடிந்துவிட்டது...

பெயர் சேர்க்கும் படிவம் 6 இப்போதே கொடுக்கலாம் அம்மா. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதற்குள் 18 ஆகிறதோ அதற்குப் பெயர் சேரும். அட்டை கைக்கு வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், தேர்தலுக்கு முன்னால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.