வேர்ஹவுஸ் சம்பளம் ஏறுகிறது, மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பள்ளி முடித்த மகன் கல்லூரி வேண்டாம், ரிவர்சைடு பக்கம் வேர்ஹவுஸ் வேலைக்குப் போகிறேன் என்கிறான். கலிபோர்னியாவில் அந்தத் துறையின் சம்பளம் வருடாவருடம் ஏறுவதைக் காட்டும் வரைபடத்தையும் நீட்டுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். வரைபடம் பொய்யில்லை. ஆனால் அதில் இருப்பது அவன் வாங்கப்போகும் சம்பளம் இல்லை.

'போக்குவரத்து, கிடங்கு' என்று அரசு போடும் ஒரே தலைப்புக்குள் விமானியும் இருக்கிறார், பெட்டி அடுக்குபவரும் இருக்கிறார். 2024 மே மாதக் கணக்குப்படி அமெரிக்கா முழுவதும் பயணிகள் விமானத்தை ஓட்டுபவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 2,26,600 டாலருக்கு மேல் வாங்கினார்கள். கனரக லாரி ஓட்டுநர்களுக்கு அந்த நடு எல்லை 57,440 டாலர். கையால் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்கு 40,000-க்கும் கீழே. இவர்கள் எல்லோரையும் கூட்டி வகுத்தால் வரும் சராசரியை யாரும் கையில் வாங்குவதில்லை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. கிடங்குகளில் நிறையப் பேர் டெம்ப் ஏஜென்சி, அதாவது தற்காலிக ஆட்களை அனுப்பும் நிறுவனம், மூலமாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். அவர்களுடைய சம்பளம் ஏஜென்சிகளின் துறைக் கணக்கில் போய்விடும். இந்த வரைபடத்தில் வரவே வராது. சொந்த லாரி ஓட்டுபவர்களும் இதில் இல்லை. புதிதாகச் சேரும் பையன் எங்கே நிற்பானோ, அந்த இடம்தான் படத்தில் விடுபட்டிருக்கிறது.

சரி, ஏற்றம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு சட்டத்தால் வந்தது. கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி பெரிய நிறுவனங்களுக்கு 2017-ல் மணிக்கு 10.50 டாலர், 2022-ல் 15, 2025-ல் 16.50. இப்படி அடிமட்டக் கூலி உயர்ந்தது நல்லதுதான். ஆனால் ஐந்து வருடம் உழைத்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் உள்ள இடைவெளி இதனால் சுருங்கவும் கூடும். அப்புறம், 2022 ஜூனில் நாட்டின் விலைவாசி ஒரே வருடத்தில் 9.1 சதவீதம் ஏறியிருந்ததையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

அவன் நண்பன் நல்ல சம்பளம் வாங்குகிறான் என்றால் அந்தச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எந்த மாதம், எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்று தேடுங்கள். மணிக்கு 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரத்துக்கு 720 டாலர். பண்டிகை நெரிசலில் தினம் 10 மணி நேரமாக ஐந்து நாள் வேலை செய்தால், பொதுவாக ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற விதிப்படி 990. ஜனவரியில் ஷிஃப்டைக் குறைத்து 28 மணி நேரம் கொடுத்தால் 504. டிசம்பர் சீட்டை நம்பி கார் லோன் எடுக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதற்காக அவனைத் தடுக்கச் சொல்லவில்லை. 'பெட்டி தூக்கவா வளர்த்தேன்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; அது மரியாதையான உழைப்பு. எங்கே சேர்கிறான், அங்கிருந்து எங்கே போவான் என்பதைத்தான் பேச வேண்டும்.

என்னைக் கேட்டால், கிடங்கில் கன்வேயரையும் ரோபோவையும் பழுது பார்க்கும் பிரிவைக் குறிவைக்கச் சொல்வேன். தானியங்கி இயந்திரங்கள் கூடக் கூட அவற்றைச் சரிசெய்யும் கைகளுக்குத் தேவை இருக்கும். அதற்கான பயிற்சி பல கம்யூனிட்டி காலேஜ்களில் கிடைக்கிறது. கலிபோர்னியாவாசிகளுக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர்தான். முதல்முறையாக, முழுநேரமாகச் சேர்பவர்களுக்கு இரண்டு வருடம் வரை அதையும் தள்ளுபடி செய்யும் திட்டம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தாலும் நல்லதுதான்.

லாரி ஓட்டும் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 18 வயதில் வணிக லைசென்ஸ் எடுத்தாலும் மாநிலத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம். மாநில எல்லை தாண்ட பொதுவாக 21 ஆக வேண்டும். கிடங்குத் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஓவர்டைம் விதி பெரும்பாலான லாரி ஓட்டுநர்களுக்குப் பொருந்தாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். ஃபோர்க்லிஃப்ட் கார்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்தப் பயிற்சியையும் சோதனையையும் உறுதிசெய்வது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. வெளியே வாங்கிய கார்டு மட்டும் போதாது.

நேர்காணலுக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். நேரடி வேலையா, ஏஜென்சியா? ஒரு வருடம் கழித்து மணிக்கூலி எவ்வளவு? வேலை இலக்கை, அதாவது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேலை முடிக்க வேண்டும் என்பதை, எழுத்தில் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கவே வேண்டாம். 2022 முதல் பெரிய கிடங்குகள் அதை எழுத்தில் தர வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. வந்த பதில்களை எனக்கு அனுப்புங்கள்; கையெழுத்துப் போடுவதற்கு முன் சேர்ந்து பார்ப்போம்.