தண்ணீரைக் குறைக்க வேண்டாம்

கேள்வி: முதியோர் இல்லத்தில் இருக்கும் என் மாமியாருக்கு வயது 78. அடிக்கடி படுக்கை நனைகிறது. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். இரண்டுமே கசிவைக் கூட்டும். மாலைக்குமேல் காபி, டீயை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் நர்ஸாக இருக்கும் வார்டில், எப்போது நனைகிறது என்று 3 நாள் நோட்டில் குறிப்போம். அப்புறம் அந்த நேரத்துக்குச் சற்று முன்பே, பெரும்பாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறைக்கு அழைத்துப் போவோம். பாவாடை நாடா முடிச்சை அவிழ்ப்பதற்குள் நனைத்துவிட்டுக் கூனிக்குறுகி நிற்கும் பாட்டிகளைப் பார்த்தால் மனசு தாங்காது. எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். யாரும் அவரைத் திட்ட விடாதீர்கள். திடீரென்று அதிகமானாலோ, காய்ச்சல், மனக்குழப்பம் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.