ஸ்ட்ரெஸ்ஸா, ஸ்ட்ரெயினா?

வணக்கம். நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை, கண் வலிக்கு விடுப்புக் கேட்டு 'ஐ ஸ்ட்ரெஸ்' என்று எழுதினேன், மேலாளர் அதை 'ஐ ஸ்ட்ரெயின்' என்று திருத்திவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் திருத்தியது சரிதான்.

நீங்களும் கடலூர்க்காரர் என்பதால் துறைமுகத்துக்கே போவோம். படகைக் கட்டியிருக்கும் கயிற்றை அலை இழுக்கிறது. கயிற்றின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எவ்வளவு விசை என்பது ஸ்ட்ரெஸ். அதற்குப் பாஸ்கல் என்று அலகு உண்டு. அந்த இழுப்பால் கயிறு தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறதோ, அது ஸ்ட்ரெயின். 10 மீட்டர் கயிறு 1 சென்டிமீட்டர் நீண்டால் ஸ்ட்ரெயின் 0.001, அலகே கிடையாது.

பேச்சு ஆங்கிலத்தில் இந்தக் கோடு இவ்வளவு நேராக இருக்காது. மனசை அழுத்துவது பெரும்பாலும் ஸ்ட்ரெஸ்: தேர்வு, கடன், மேலாளர் (சும்மா சொன்னேன்). ஒன்றை அளவுக்கு மீறி இழுத்து வேலை வாங்கினால் ஸ்ட்ரெயின்: கண், முதுகு, தொண்டை, குடும்ப பட்ஜெட்கூட. ஆனால் உடம்பு என்றாலே ஸ்ட்ரெயின் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஓடி ஓடி எலும்பில் விழும் கீறலுக்கு 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்றுதான் பெயர்.

அப்புறம், அடுத்த கடிதத்தில் 'ஐ ஆம் டென்ஷன்' வேண்டாம். 'டென்ஸ்' என்று எழுதுங்கள்.