காக்கை உட்கார்ந்தது, கட்டி கரைந்தது

கேள்வி: டாக்டர் ஹவுஸ் நோய்களைத் துப்பறிகிற 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் எபிசோடை இப்போதுதான் பார்த்தேன். மழலையர் பள்ளி டீச்சர் ஒருவர் வகுப்பிலேயே வாய் குழறி விழுகிறார். மூளையில் கட்டி என்கிறார்கள், ரத்தக்குழாய் அழற்சி என்கிறார்கள், கடைசியில் பார்த்தால் நாடாப்புழு! அவர் வீட்டில் பன்றிக்கறி இருந்ததை வைத்தே ஹவுஸ் பிடித்துவிடுகிறார். நம் ஊர் டாக்டர்களில் ஒருவருக்காவது இந்த மூளை உண்டா? நல்லவேளை, நாங்கள் சுத்த சைவம்.
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சைவம் உங்களை இந்தப் புழுவிடமிருந்து காப்பாற்றாது. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் நாடாப்புழு குடலில்தான் வளரும். அது போடும் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். அந்த முட்டையை விழுங்குகிறவருக்குத்தான் அதிலிருந்து வரும் லார்வா, அதாவது குஞ்சுப் புழு, மூளைக்குப் போகிறது. விழுங்குவது அதே ஆளாகவும் இருக்கலாம்; அவர் கை கழுவாமல் நறுக்கிய வெள்ளரிக்காயைத் தின்ற சுத்த சைவராகவும் இருக்கலாம். பன்றி பக்கமே போகாத ஆசாரமான யூதர்கள் நான்கு பேருக்கு நியூயார்க்கில் இது வந்தது, 1992-இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. வீட்டில் சமைக்க வந்தவர்களின் குடலில் புழு இருந்திருக்க வேண்டும் என்றுதான் அந்த விசாரணை போய் முடிந்தது. முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, பாவம், அந்தக் காய் என்ன செய்யும்? அதற்குப் பாய்ச்சிய சாக்கடைத் தண்ணீரைக் கேளுங்கள்.

சரி, ஹவுஸுக்கு வருவோம். அவருடைய சாமர்த்தியம் உங்கள் கண்ணில் பட்டது. அவர் சறுக்கிய இடம் படவில்லை. ரத்தக்குழாய் அழற்சி என்று சொன்னதே அவர்தான். சோதித்துப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கிறார், டீச்சர் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். மருந்து கேட்டுவிட்டது, ஆகவே நோய் அதுதான் என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பார்வை போகிறது, வலிப்பு வருகிறது. ஸ்டீராய்டு என்ன செய்தது? புழுவைச் சுற்றி இருந்த வீக்கத்தை வடியவைத்தது. புழு இருந்த இடத்தில் இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இதே கதை 1980-களில் நம் நாட்டில் நிஜமாகவே நடந்தது, அதுவும் ஆயிரக்கணக்கில். சி.டி. ஸ்கேன் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. திடீரென்று ஃபிட்ஸ் வந்தவர்களை, பெரும்பாலும் இளவயதினரை, ஸ்கேன் எடுத்தால் மூளையில் சின்னதாக ஒரே ஒரு வளையம் தெரியும். டிபி மலிந்த நாடு. வேறு என்னவாக இருக்கும்? மூளை டிபி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தால் வளையத்தைக் காணோம். டாக்டருக்கும் சந்தோஷம், வீட்டாருக்கும் சந்தோஷம். இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றார்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) நரம்பு அறுவை மருத்துவர்கள். மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்த வளையங்களில் சிலவற்றை அறுவை செய்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது. டிபி இல்லை. செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழு லார்வாவும், அதைச் சுற்றி உடம்பு எழுப்பிய சுவரும். 1989-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். புழு உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தம் காட்டாது. சாகும்போதுதான் உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்குப் போகிறது, வீங்குகிறது, ஃபிட்ஸ் வருகிறது. அப்புறம் பல பேருக்குச் சில மாதங்களில் வளையம் தானாகவே கரைந்துவிடுகிறது. டிபி மாத்திரை கொடுத்தாலும் கரையும், கொடுக்காவிட்டாலும் கரையும். ஈரலைப் பதம்பார்க்கக்கூடிய மாத்திரைகளை எத்தனை பேர் சும்மா விழுங்கினார்களோ!

இனி யாருக்கும் மண்டையைத் திறக்காமலே பிரித்தறிய அவர்கள் விதிகளும் வகுத்தார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் ஒன்றே ஒன்று, மூளையில் அழுத்தம் கூடவில்லை, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறவில்லை, உடம்பில் வேறெங்கும் டிபி இல்லை என்றால் புழு. வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருந்து ஸ்கேன் எடு. பிறகு வேலூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் நகரத்திலும் கணக்கெடுத்தபோது, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு என்று தெரிந்தது. ஆகவே, ஒருவருக்காவது உண்டா என்று கேட்டீர்களே, உண்டு. மயிலாடுதுறையிலிருந்து ஒரே ராத்திரிப் பயணம். ஹவுஸைப் போலத் தடியூன்றி நொண்டிக்கொண்டு நோயாளியைத் திட்டுகிற நடிப்பு மட்டும் அங்கே கிடைக்காது.

அந்த எபிசோடில் எனக்குப் பிடித்தவர் ஹவுஸ் இல்லை, டீச்சர்தான். புழு என்று சொன்னதும் அவர் மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை. இதுவரை நீங்கள் சொன்னதெல்லாம் ஊகம், நிரூபித்தால் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த மேதைகள் யாருக்கோ அவர் தொடையைச் சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தோன்றியது. புழு அங்கேயும் இருந்தது.