வாசகர் கேள்வி – பதில்: பழைய புல்லட்டும் தடுமாறும் ஐடிலிங்கும்

கேள்வி: என் தந்தை 1992-ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350 இன்றும் எங்களிடம் உள்ளது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை ஓட்டிச் சென்றால் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை விட்டால், அதாவது ஐடிலிங்கில், என்ஜின் ஒரு நேரம் தானாக வேகம் பிடிக்கிறது, மறுநேரம் அணைந்துவிடுகிறது. இறக்கத்தில் வரும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. மெக்கானிக் கார்புரேட்டரில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருகிப் பார்த்தும் மாற்றம் இல்லை. புதிய கார்புரேட்டர் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது நன்றாக இருந்து, நிற்கும்போது மட்டும் தடுமாறி, ஏர் ஸ்க்ரூவுக்கும் கட்டுப்படாத என்ஜினில் முதலில் ஐயப்பட வேண்டியது கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே உள்ள இணைப்பைத்தான். அங்கே எங்கோ காற்று உள்ளே இழுக்கப்படுகிறது.

பிஸ்டன் உறிஞ்சும் காற்று முழுவதும் கார்புரேட்டர் வழியாக வந்தால்தான் அதற்கேற்ற அளவு பெட்ரோல் அதனுடன் கலக்கும். ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் கார்புரேட்டரின் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு ஏறக்குறைய மூடியிருப்பதால் அதற்கு அப்பால் வெற்றிடத்தின் இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். என்ஜினுக்குள் செல்லும் மொத்தக் காற்றோ மிகவும் குறைவு. ஆகவே மயிரிழை அளவு இடுக்கில் புகும் காற்றுகூட அப்போது பெரும் பங்காகி, கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து அதை வறட்சியாக்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரைத் திறந்ததும் இழுப்பு குறைந்து, கார்புரேட்டர் வழியாக வரும் காற்று பல மடங்காவதால், அதே இடுக்கு இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. குன்றக்குடிச் சாலையில் குறை தெரியாததற்கு இதுவே காரணம். வறண்ட கலவை சிலிண்டரில் சரியாக எரியாமல் சூடான சைலன்சருக்குள் சென்று எரிவதே நீங்கள் கேட்கும் வெடிச்சத்தம்.

ஓடத்தான் செய்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. இடுக்கின் வழியே வரும் காற்று ஏர் ஃபில்டரைக் கடந்து வருவதில்லை. நம் பகுதிச் செம்மண் புழுதி அப்படியே சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உள்சுவரான போரையும் தேய்த்துவிடும். வறண்ட கலவையின் சூடு எக்ஸாஸ்ட் வால்வையும் கெடுக்கும்.

காற்றுக் கசிவைக் கண்டறியும் சோதனைக்கு முன் செலவில்லாத சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கிக்கர் உதைக்கும் முன் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வான டிகம்ப்ரஷரின் கேபிளில் சிறிதாவது தளர்ச்சி இருக்க வேண்டும். இல்லையெனில் அந்த வால்வு முழுவதும் மூடாமல் கம்ப்ரஷன் கசிந்து, இதே தடுமாற்றத்தைத் தரும். என்ஜின் நன்றாக ஆறிய பின், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும் நிலையில், வால்வைத் திறக்கும் தண்டான புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஸ்பார்க் பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சி.பி. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும். சைலன்சர் குழாய் ஹெட்டில் செருகும் இடத்தில் கரி படிந்திருந்தால் அங்கும் கசிவு உண்டு. வெடிச்சத்தத்தை அதுவும் உண்டாக்கும்.

இவை சரியாக இருந்தால் என்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விட்டுவிட்டு, சிறு பெயிண்ட் பிரஷை என்ஜின் ஆயிலில் தோய்த்து, கார்புரேட்டர் ஃபிளாஞ்சு (நட்டு போட்டு இறுக்கும் தட்டையான விளிம்பு), அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தடித்த இன்சுலேட்டர் துண்டு ஆகியவற்றின் விளிம்புகளில் ஒவ்வொரு பக்கமாகத் தடவி வாருங்கள். மேலே தடவியபின் சற்றுப் பொறுத்து, சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, அதன்பின் கீழே தடவுங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஆயில் பட்டவுடன் என்ஜின் வேகம் மாறினாலோ ஓட்டம் சீரானாலோ இடுக்கு அங்கேதான் இருக்கிறது. ஆயில் அதைச் சில நொடிகள் அடைத்துவிட்டது என்பதே பொருள். இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் பலர் உண்டு. அது எளிதில் தீப்பற்றும் பொருள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் சூடான சைலன்சர் குழாய்க்கும் சி.பி. பாயிண்ட் பொறிக்கும் அருகில் அதை அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தைகள் நடமாடும் வீட்டு முகப்பில் இது சிறிதும் வேண்டாம்.

இடுக்கு உறுதியானால், பெரும்பாலும் ஃபிளாஞ்சு வளைந்திருக்கும். கசிகிறதே என்று இரண்டு நட்டுகளையும் மேலும் மேலும் இறுக்க, மென்மையான உலோகத்தாலான அதன் இரு காதுகளும் ஹெட்டை நோக்கி மடங்கி, நடுப்பகுதி விலகிவிடுகிறது. இறுக்க இறுக்கக் கசிவு கூடுவதன் காரணம் இதுதான். கார்புரேட்டரைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலை ஃபிளாஞ்சின் முகத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரியும். பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள ஜெட்டுகளையும், ஃபிளாஞ்சு முகத்தில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் எடுத்துவிட்டு, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கப் பயன்படுத்துவது போன்ற தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, சில சொட்டு ஆயில் விட்டு, ஃபிளாஞ்சு முகத்தை மெதுவாகச் சுழற்றித் தேய்க்கவும். தேய்த்த தடம் முகம் முழுவதும் சமமாகப் படியும்வரை பொறுமை வேண்டும். ஓ-ரிங் அமரும் பள்ளத்தின் ஆழம் குறையும் அளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. பிறகு துளைகளையெல்லாம் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, புதிய ஓ-ரிங்கும் பேக்கிங்கும் போட்டு, இரு நட்டுகளையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, அளவோடு இறுக்குங்கள்.

ஏர் ஸ்க்ரூவில் கைவைக்க வேண்டியது அதன் பிறகுதான். முழுவதும் மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்து, சூடான என்ஜினில் எந்த இடத்தில் ஓட்டம் சீராகவும் வேகமாகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஸ்டாப் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் மிக்கார்ப் கார்புரேட்டரில் ஸ்க்ரூவை வெளியே எடுக்க எடுக்கக் கலவை வறளும் என்பதை நினைவில் வையுங்கள். கழற்றிய நேரத்தில் ஸ்லைடு அதன் வழியில் கடகடவென ஆடுவதைக் கண்டால் அங்கும் காற்று நழுவும். அந்நிலையில் மட்டும் மெக்கானிக் சொன்னபடி புதியது வாங்குவது நியாயம்.

கேள்வி: ஃபிளாஞ்சைத் தேய்த்து, ஓ-ரிங் மாற்றி, ஆயில் சோதனையும் செய்தாயிற்று, கசிவு இல்லை. ஆனாலும் வண்டி சூடான பின் ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் உடனே இறங்காமல் தொங்குகிறது.
– வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். வேகம் மாறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். மாறாவிட்டால் சி.பி. பாயிண்ட் மூடியைக் கழற்றி, அட்வான்ஸ் யூனிட்டைச் சோதிக்க வேண்டும். வேகம் கூடும்போது எடைகள் விரிந்து பொறியை முன்கூட்டியே வரவைக்கின்றன. வேகம் குறைந்ததும் சிறு ஸ்பிரிங்குகள் அவற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். பாயிண்டைத் திறக்கும் கேமைக் கையால் திருப்பி விட்டால் சட்டென்று பழைய நிலைக்கு வர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. இறக்கத்தில் நெடுநேரம் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மீண்டும் முறுக்கும்போது நீலப்புகை வந்தால், இன்டேக் வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்து அதன் வழியே காற்றும் ஆயிலும் உறிஞ்சப்படுகின்றன. அதற்கு ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பொங்கலுக்கும் கோவில் திருவிழாவுக்கும் ஊருக்கு வரும்போதுதான் பழைய புல்லட்டை எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் சோக் இழுத்தால்தான் என்ஜின் அணையாமல் ஐடிலிங்கில் ஓடுகிறது.
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் வண்டியில் காற்றுக் கசிவைவிட, ஐடிலிங்குக்கான பெட்ரோலைத் தரும் பைலட் ஜெட் அடைப்புக்கே வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்து, அந்த மெல்லிய துளையை மூடிவிடுகிறது. ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரையும் உப்பச் செய்யும். எனவே ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று பெட்ரோல் டேப்பை மூடி, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுங்கள். ஓ-ரிங், பெட்ரோல் டியூப் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.