லினக்ஸ் சவுண்ட் கேள்வி பதில்: முதலில் மீட்டரைப் பாருங்கள்

லினக்ஸில் எந்தப் புரோகிராமின் சத்தம் எந்தக் கருவிக்கு, எவ்வளவு போகிறது என்று பார்த்து மாற்ற ஒரு புரோகிராம் உண்டு. மெனுவில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்று இருக்கும் (பல்ஸ்ஆடியோ என்பது பின்னணியில் சத்தத்தைக் கையாளும் மென்பொருள்), நாமெல்லாம் பாவுகண்ட்ரோல் என்போம். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். ஆபீஸ் லேப்டாப்பில் அட்மின் பூட்டி வைத்ததைத் திறந்து தரச் சொல்லாதீர்கள்.

புது உபுண்டு: அண்ணா, யூடியூப் வீடியோ ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. திரும்ப இன்ஸ்டால் பண்ணட்டுமா?

வேண்டாம் தம்பி. வீடியோவை ஓடவிட்டு பாவுகண்ட்ரோலில் பிளேபேக் டேபைத் திறங்கள், பிரவுசர் பெயருக்குக் கீழே ஸ்லைடரை ஒட்டி ஒரு மெல்லிய பட்டை துடிக்கும், அதுதான் மீட்டர். அது துடித்தால் பிரவுசர் தன் வேலையைச் செய்துவிட்டது, சத்தம் வேறெங்கோ போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குத்தான் போகும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. அதே வரியின் வலது பக்கம் எந்தக் கருவி என்று காட்டும் பட்டன் இருக்கிறது, அதில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அவுட்புட் டிவைசஸ் டேபில் அதே ஸ்பீக்கருக்கு நேரே பச்சை டிக்கை அழுத்திவிட்டால் இனித் திறக்கும் புரோகிராம்களும் அங்கேயே போகும். மீட்டர் அசையவே இல்லையா? அப்போது பிரச்சினை பிரவுசரில், யூடியூப் ஓடும் பிரவுசர் டேபை மியூட் செய்திருக்கிறீர்களா பாருங்கள்.

விண்டோஸ்காரன்: இதே மாதிரி விண்டோஸுக்கு?

இயர்ட்ரம்பெட். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம்.

வீட்டிலிருந்து வேலை: ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கிறது, மீட்டிங்கில் சேர்ந்ததும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது. லினக்ஸ் கோளாறா?

லினக்ஸைத் திட்டாதீர்கள், ப்ளூடூத் அப்படித்தான். பாட்டுக்கு ஏ2டிபி என்கிற புரொஃபைல், ஒரே திசையில் நல்ல தரம். மைக் வேண்டுமென்றால் போன் பேசுவதற்கான எச்எஃப்பி புரொஃபைலுக்கு மாற வேண்டும், அங்கே பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்தான் கிடைக்கும், அதனால்தான் டெலிபோன் மாதிரி. கான்ஃபிகரேஷன் டேபில் ஏ2டிபியிலேயே நிறுத்திவிட்டு, மீட்டிங் நடக்கும்போது ரெக்கார்டிங் டேபில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அந்த டேப் காலியாக இருக்கிறது என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். ஏதாவது ஒரு புரோகிராம் மைக்கைப் பிடித்திருந்தால்தான் அங்கே வரி வரும்.

காதுக்கினியன்: ஸ்லைடர் 153 வரை போகிறதே, நான் எப்போதும் அங்கேதான் வைப்பேன். நல்லதுதானே?

இல்லை. 100க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது! ஸ்லைடர் பக்கத்திலேயே டெசிபல் எழுதியிருக்கிறது, படியுங்கள். 100 என்றால் 0 டெசிபல், 50 என்றால் மைனஸ் 18, 153 என்றால் பிளஸ் 11. இப்போது வரும் பாட்டுகள் ஏற்கெனவே உச்ச வரம்பான 0வை உரசும் அளவுக்கு ஏற்றித்தான் வருகின்றன. அதற்கு மேல் 11 டெசிபல் கூட்டினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும், கரகரவென்று கேட்கும்.

காதுக்கினியன்: பைப்வயர் உள்ளே 32 பிட் ஃப்ளோட், அதில் வெட்டுப்படாது. தெரியாமல் பேசாதீர்கள்.

சரி, இப்போது பல்ஸ்ஆடியோ இடத்தில் சத்தத்தைக் கையாளும் பைப்வயர் ஃப்ளோட்டில், அதாவது தசம எண்ணில், கணக்குப் போடுவதால் அங்கே வெட்டுப்படாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சவுண்ட் கார்டுக்குப் போகும்போது முழு எண்ணாக மாற வேண்டுமே, அங்கே வெட்டுப்படும்.

காதுக்கினியன்: பிளேபேக்கில் 153, அவுட்புட்டில் 65 வைத்தால் சரியாகிவிடுமே?

கணக்கு சரி, 65 என்றால் மைனஸ் 11 பக்கம் வரும். ஆனால் பல கார்டுகளில் அந்த அவுட்புட் ஸ்லைடர் அசைப்பது ஹார்டுவேர் வால்யூமை, அதாவது உச்சி வெட்டுப்பட்ட பிறகு வரும் இடத்தை. வெட்டுப்பட்டதைச் சின்னதாக்கிக் கேட்பீர்கள், அவ்வளவுதான். முணுமுணுவென்று பதிவான பழைய லெக்சர் என்றால் 153 வரை போங்கள், அங்கே உச்சிக்கு மேலே இடம் இருக்கிறது, அந்த வசதி இருப்பதே அதற்குத்தான். பாட்டுக்கு வேண்டாம். கூட வந்து வாதாடும் மற்ற மூவருக்கும் இதே பதில்.

ஃபெடோரா பிரியர்: என்னிடம் பைப்வயர்தானே ஓடுகிறது, பாவுகண்ட்ரோல் பல்ஸ்ஆடியோவுக்கு ஆனதாயிற்றே?

ஃபெடோரா 34, அதாவது 2021 முதல் பைப்வயர்தான் ஓடுகிறது, பாவுகண்ட்ரோலும் அதே மாதிரி வேலை செய்கிறது. பைப்வயருக்குள் பல்ஸ்ஆடியோ பாஷை பேசும் ஒரு பகுதி இருக்கிறது. பழைய பதிவு எதையாவது படித்துவிட்டுப் பல்ஸ் பெயரில் இருக்கும் பேக்கேஜ்களைக் கழற்றிவிடாதீர்கள், பிறகு சத்தமே வராது.

இன்னொரு புது ஆள்: சத்தம் வரவில்லை அண்ணா.

மேலே முதல் பதில்.

மிண்ட் பயனர்: மானிட்டரில் சத்தம் வரவில்லை, ஸ்பீக்கரிலும் வரவில்லை.

முதல் பதில். மீட்டர் துடிக்கிறதா இல்லையா என்று எழுதாதவர்களுக்கு இனிப் பதில் கிடையாது.

ஆன்லைன் வகுப்பு: ஓடுகிற வகுப்பின் சத்தத்தையே பதிவு செய்ய முடியுமா?

முடியும். பதிவு செய்யும் புரோகிராமை ஓடவிட்டு, ரெக்கார்டிங் டேபில் மைக்குக்குப் பதிலாக மானிட்டர் ஆஃப் (Monitor of) என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கருக்குப் போவது அப்படியே பதிவாகும், நீங்கள் பேசுவது வராது. ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காது: இடது பக்கம் மட்டும் சத்தம் குறைவு.

பூட்டுப் படத்தை அழுத்தினால் இடதும் வலதும் தனித்தனியாகப் பிரியும். இரண்டும் சமமாக இருந்தும் குறைவாகவே கேட்டால் வேறு ஹெட்போன் மாட்டிப் பாருங்கள்.