புளியரை தாண்டினால் கேஸ் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. செங்கோட்டையிலிருந்து மினி லாரியில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு தினமும் புளியரை எல்லையைத் தாண்டிக் கேரளாவில் உள்ள புனலூர் போய் வருகிறான். போன மாதம் கழுதுருட்டி பக்கம் ஒரு வளைவில் முன்னால் போன பஸ்ஸை முந்தும்போது, எதிரே வந்த பைக்கில் இடித்துவிட்டான். பைக்கில் வந்தவருக்குச் சுண்டுவிரலில் எலும்பு முறிவு. இவனே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். போலீஸ் கேஸ் போட்டு லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டது. "வேற ஸ்டேட் கேஸ்தானே, தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
— புளியரை வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி.

"வேற ஸ்டேட்" பேச்சை முதலில் விட்டுவிடுவோம். செங்கோட்டையே 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எல்லை நகர்ந்தது, இந்த விஷயத்தில் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். விபத்து நடந்த இடத்துக் கோர்ட்டில்தான் விசாரணை. ஆஜராகாமல் இருந்தால் வாரண்ட் வரும். நாளைக்கு வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்று கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

எஃப்ஐஆர் நகலை வாங்கிப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவை எல்லாம் பாரதிய நியாய சம்ஹிதாவில்தான் வரும். அதன் 281-வது பிரிவு, பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது 125. சுண்டுவிரல்தானே என்று நினைத்திருப்பீர்கள். விஷயமே அந்த விரலில்தான் இருக்கிறது. வெறும் சிராய்ப்பு, வீக்கம் என்றால் 125(அ): ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம். எலும்பு முறிந்தால், அது எவ்வளவு சின்ன எலும்பானாலும், சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். அப்போது 125(ஆ): மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம். இரண்டிலும் சிறை, அபராதம் சேர்ந்தும் வரலாம். டாக்டர் கொடுத்த காயச் சான்றிதழில் முறிவு என்று இருக்கிறதா, அதற்கு எக்ஸ்ரே ஆதாரம் இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் பார்க்காமல் கூண்டில் ஏறி "ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடக் கூடாது.

மூன்றாவது, மோட்டார் வாகனச் சட்டம் 184. விதியை மீறி முந்துவது இதில் நேரடியாகவே வரும். முதல் தடவை என்றால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் செல்போன் வைத்து ஓட்டிய குற்றத்தை மட்டும்தான் ரோட்டிலேயே பணம் கட்டி முடிக்கலாம். மற்றபடி 184 கோர்ட்டுக்குத்தான் போகும். இன்றைக்கு ஒப்புக்கொண்டு மூவாயிரம் கட்டினால் அது தண்டனையாகவே பதிவாகும். மூன்று வருடத்துக்குள் இன்னொரு தடவை மாட்டினால் இரண்டாம் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம். தினமும் அந்த ரோட்டில் ஓடுகிற பையனுக்கு மூன்று வருடம் சின்ன காலமில்லை.

ஒரேயடியாக மறுக்கச் சொல்லவில்லை. வளைவில் பஸ்ஸை முந்தியது தப்புதான். ஆனால் விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரில் டயர் தேய்ந்த தடம் எந்தப் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது, வாகன ஆய்வாளர் பிரேக்கைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பதையெல்லாம் பார்த்த பிறகு எடுக்கவேண்டிய முடிவு அது. பேப்பர்கள் மலையாளத்தில் இருக்கும்; படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

லைசென்ஸுக்குத் தற்காலிக ரசீது கொடுத்தார்களா? அதில் போட்ட தேதி வரை அதை வைத்து ஓட்டலாம். தகுதிநீக்கம் செய்வதற்கு முன் அவன் தரப்பைக் கேட்டாக வேண்டும். நோட்டீஸ் வந்தால் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ரத்தானால் நாடு முழுக்க ரத்து. தென்காசிப் பக்கம் ஓட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

அடிபட்டவர் வீட்டில் பேசி முடித்துவிடலாம் என்று யாராவது வருவார்கள். மருத்துவச் செலவுக்கு உதவுவது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் 281 சமரசத்தில் முடியும் பிரிவு இல்லை. முழுசாக முடிக்க எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். இழப்பீடு தனிக் கதை. அதை இன்சூரன்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கவனக்குறைவாக ஓட்டினான் என்பதற்காக மூன்றாம் நபர் காப்பீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. குடித்திருந்தாலோ, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தாலோதான் சிக்கல். சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸில் லோடு வண்டி ஓட்டினானே என்று பயப்படாதீர்கள்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாவிட்டால் அது போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கம்பெனிக்கு இன்னும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் இன்றைக்கே தெரிவியுங்கள்.

அப்புறம் ஜாமீன். இவை எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். ஜாமீன் நிற்க உள்ளூர் ஆள், கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு வந்தால்தான் ஆயிற்று என்று கோர்ட் வாசலில் சொல்வார்கள். அதற்குப் பணம் வாங்குகிறவர்களும் அங்கேயே நிற்பார்கள். வெளி மாவட்டத்து ஆள் என்பதற்காகவே ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். அவரும் நம்மைப் போல எல்லைக்காரர், பாலக்காட்டுப் பக்கம். புளியரையில் உங்கள் பெயரில் உள்ள நிலத்தின் பட்டா நகலையும் தீர்வை ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள். மறுத்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலிடம்.